மடையைத் திறக்க ஆள் எங்கே?

விருதுநகரில், சூலக்கரையை ஒட்டிய ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பயிர்க் காப்பீடு, காட்டுப்பன்றி, யூரியா என்று எதில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். தண்ணீர் என்றதும் மேற்கு மலையைக் கைகாட்டுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பம்பையும் அச்சன்கோவிலாறும் நிறைந்து ஓடுகின்றன. அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பிவிட்டால் வைப்பாற்றுப் படுகை தழைத்துவிடும் என்பது இந்த மாவட்டத்தில் தலைமுறை தாண்டிய நம்பிக்கை.

நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் முடித்த சாத்தியக்கூறு அறிக்கை, ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பலாம் என்றது. நமக்குப் பழகிய கணக்கில் அது ஏறத்தாழ 22 டி.எம்.சி. திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் 91,400 ஹெக்டேருக்குப் பாசனம் கிடைக்கும். தென்காசி அப்போது நெல்லையோடு இருந்தது. கூடவே 500 மெகாவாட்டுக்குச் சற்று மேல் மின்சாரம். மேலேயும் கீழேயும் அணைகள் கட்டி, மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அதையே கீழே இறக்கி மின்சாரம் எடுப்பது என்பது ஏற்பாடு. வயலுக்கும் விளக்குக்கும் ஒரே திட்டம்.

கேரளம் ஒப்பவில்லை. அந்த மாநிலச் சட்டப்பேரவையே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆற்று நீர் குறைந்தால் வேம்பநாட்டுக் காயலின் உப்பு குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறிவிடும் என்பது அவர்கள் அச்சம். கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற பூமி அது. தண்ணீர்முக்கத்தில் தடுப்பு கட்டித்தான் உப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த அச்சத்தை வீண் சாக்கு என்று நாம் தள்ளிவிட முடியாது. அறிக்கை வந்து முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தத் திட்டம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் குறைதீர்க்கும் கூட்டத்தில் யாரும் எழுப்பாத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 22 டி.எம்.சி. மலையிறங்கி வந்தால் எங்கே போய் நிற்கும்? வத்திராயிருப்புப் பக்கத்துப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இரண்டும் நிரம்பினாலும் சேர்ந்து அரை டி.எம்.சி. கூட இல்லை. வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை, இருக்கன்குடி என்று சமவெளியில் இருப்பவையும் சிறு நீர்த்தேக்கங்களே. வருகிற நீர் கால்வாய் வழியே ஓடி, கடைசியில் நம்முடைய கண்மாய்களில்தான் விழ வேண்டும். மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் கண்மாய்கள் இருக்கின்றன. இன்று பெய்கிற மழையையே பிடித்து வைக்க முடியாத கண்மாய்கள், நாளை வரப்போகும் பம்பையை எப்படிப் பிடிக்கும்?

மழை ஒன்றும் இங்கே பெய்யாமல் இல்லை. ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 80 செ.மீ. ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. பெய்தாலே 40,000 லிட்டருக்கு மேல். ஆண்டு முழுவதும் அந்த ஏக்கர் வாங்குவது 32 லட்சம் லிட்டர். இவ்வளவையும் வானம் சில நாட்களில் கொட்டிவிடுகிறது என்பதுதான் சிக்கல். பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விழுகிறது. அதிலும் பாதி இரண்டு மூன்று அடைமழையில் முடிந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. நமக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அது அதிகம். அப்படிப்பட்ட மழையை நிறுத்தி வைக்க இடம் இல்லாத ஊர், அந்த வாரம் வெள்ளத்தில் தவித்துவிட்டு வைகாசியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும்.

கண்மாய் என்பது தனித்தனிப் பள்ளம் கிடையாது. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மேலே ஒரு வரத்துக்காலில் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டால் கீழே ஐந்து ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஒரு பழைய கண்மாயின் மடையை நின்று பார்த்தால் அதைக் கட்டியவர்களின் கவனம் தெரியும். உள்வாயில் இரண்டு கல் தூண்கள், நடுவே துளையிட்ட குறுக்குக் கல், அதன் வழியே இறங்கும் கட்டை, அடியில் கல்லில் குடைந்த துவாரம். கட்டையை எத்தனை விரற்கடை தூக்கினால் எத்தனை வயலுக்குத் தண்ணீர் போகும் என்பது அதைத் தூக்குகிறவருக்குத் தெரியும். கலிங்கில் வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் அடைத்தால் கூடுதலாக ஓர் அடி தேங்கும். வெள்ளம் மிஞ்சினால் அதை உடைத்துவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது உடைப்பது என்பதை இரவு இரண்டு மணி மழையில் கரையில் நின்று முடிவு செய்ய ஒருவர் இருந்தார். நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறுவடையில் நெல்லாக அவருக்குக் கூலி. பங்கீட்டில் தகராறு வந்தால் அவர் சொன்னது தீர்ப்பு.

அந்த முறையை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரே சமூகத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை அது. கரை உடைந்தால் முதலில் உயிரைக் கொடுத்தவரும் அவர்தான். கூலியாகக் கிடைத்த நெல் அந்தப் பொறுப்புக்கு ஈடாக என்றைக்கும் இருந்ததில்லை. அடுத்த தலைமுறை அந்த வேலையை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போனதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுப்போன இடத்தில் நாம் யாரையும் வைக்கவில்லை. கண்மாயின் சரிவு தொடங்கிய இடம் இது என்றே நினைக்கிறேன். மண் மேடிட்டது, கருவேல் முளைத்தது, ஆக்கிரமிப்பு வந்தது எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

இன்று கண்மாய் யாருடையது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். வரத்துக்கால் போகும் புறம்போக்குக்கு வருவாய்த் துறை. உள்வாயில் நிற்கும் மரத்துக்கு வனத் துறையின் சமூகக் காடுகள் பிரிவு. மீனுக்குத் தனி ஏலம். மேல் கண்மாய் ஒன்றியத்திடம், கீழ்க் கண்மாய் நீர்வளத் துறையிடம் என்றால், நடுவே உடைந்த கால்வாயை யார் கட்டுவது? மீன் ஏலம் எடுத்தவர் தண்ணீர் வற்றினால் மீன் பிடிக்கலாம் என்று பார்ப்பார். வயல்காரர் தண்ணீர் நின்றால் போதும் என்று பார்ப்பார். இவர்களுக்கு நடுவே நின்று மடைச் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அரசுக் கணக்கில் எங்கேயும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய ஒரு சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் நடந்தது. சங்கத்துக்குத் தலைவர் கிடைத்தார். கரைக்கு ஆள் கிடைக்கவில்லை.

பணம் செலவழிக்காமல் இல்லை. 2017-இல் குடிமராமத்து மறுபடி வந்தது. நூறில் பத்துப் பங்கு விவசாயிகள் தர வேண்டும், மிச்சத்தை அரசு தரும் என்றார்கள். அதே ஆண்டு சீமைக்கருவேலை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பொக்லைன்கள் வந்தன, கரைகள் உயர்ந்தன. எடுத்த கருவேல் மூன்று மழையில் திரும்ப முளைத்தது. ஆண்டுதோறும் கன்றாக இருக்கும்போதே பிடுங்க ஆள் இருந்தால் மண்வெட்டி போதும்; அதை மரமாக வளரவிட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை டெண்டர் விடுகிறோம். கட்டுவதற்கு நிதி ஒதுக்குகிற அரசு, காப்பதற்கு ஒதுக்குவதில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது.

இதற்கு இரண்டு சாட்சிகள் சூலக்கரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. ஒன்று ஆனைக்குட்டம். அர்ஜுனா நதியின் குறுக்கே கட்டிய அணை; விருதுநகர் நகருக்குக் குடிநீர் தருகிற இடங்களில் அதுவும் ஒன்று. அதன் ஷட்டர்கள் பழுதாகித் தேக்கிய நீர் கசிந்து ஓடிய செய்தியை ஆண்டுக்கணக்கில் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அணை கட்டத் தெரிந்த நமக்கு ரப்பர் சீல் மாற்ற நேரம் இல்லாமல் போனது. இன்னொன்று குல்லூர்சந்தை. கௌசிகா நதியின் நீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதற்காகக் கட்டியது. அந்த நதி விருதுநகர் நகருக்குள் நுழைந்து வெளியே வரும்போது நகரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு வருகிறது. அணைக்குள் போவது அந்தத் தண்ணீர்தான். கரையில் நின்றால் கரும்பச்சை நீரும், கரையோரம் ஒதுங்கிய பிளாஸ்டிக்கும், காற்று திரும்பினால் நாற்றமும். கோடையிலும் அதில் தண்ணீர் இருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். மழையில்லாத காலத்தில் அதில் இருப்பது பெரும்பாலும் நகரம் கழுவிவிட்டது. அதைச் சுத்திகரித்து விட்டிருந்தால் வறண்ட பூமியில் ஆண்டு முழுவதும் வற்றாத ஒரே ஆறு அதுவாக இருந்திருக்கும். நகரம் குடிக்கிற தாமிரபரணித் தண்ணீரின் ஒரு பகுதியும் அதே வழியாகத்தான் வெளியே வருகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவந்த நீரை ஒரு முறை பயன்படுத்திவிட்டு நஞ்சாக்கி அணையில் கொட்டுகிறோம். இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற காட்சி இதுதான்.

பட்டாசுத் தொழிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மழை குறைவு என்பதால்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபோது சிவகாசியின் வெயில்தான் அவர்களுக்கு முதல். மருந்தையும் மணியையும் காயவைக்க வறண்ட காற்று வேண்டும். மூன்று நாள் தூறல் விழுந்தால் ஆலையில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு மழை வேண்டும், பிள்ளைக்கு வெயில் வேண்டும். அதோடு, கண்மாய் வேலை செய்ய ஏற்ற காலம் சித்திரை முதல் ஆடி வரை. தீபாவளிக்கு முந்திய அந்த மாதங்களில்தான் ஆலைகளுக்கு ஆள் தேவை உச்சத்தில் இருக்கும். நூறு நாள் வேலையில் கண்மாய்க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆலைக்குப் போக முடியாத வயதானவர்கள். அவர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்து வரத்துக்கால் வெட்டச் சொல்வது இரக்கமற்ற ஏற்பாடு, வேலையும் ஆகாது. நிரந்தரச் சம்பளத்தோடு நடுவயதுக்காரர் ஒருவர் கரைக்கு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பட்டாசு ஆலைகளிடம் நிலமும் இருக்கிறது. ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் இடையே பாதுகாப்புக்காக விட வேண்டிய இடைவெளியால் ஒவ்வொரு ஆலையும் ஏக்கர் கணக்கில் திறந்த வெளியாகக் கிடக்கிறது. அந்த வெளியின் ஓரத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால் மழைநீர் நிற்கும்; விபத்து நேரும் நாளில் தீயணைப்பு வண்டிக்கும் அது உதவும்.

இனி மின்சாரம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். 23 லட்சம் இணைப்புகளுக்கு மேல் இருக்கின்றன. அந்த இலவசத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புஞ்சைக்காரன் பிழைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் கண்மாய் தூர்ந்த ஊரில் மோட்டார் மட்டும் ஓடினால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டக் கிணறுகள் சொல்கின்றன. கமலை இறைத்த கிணற்றின் அடியில் போர் போட்டு, அது வற்றிப் பக்கவாட்டில் துளை போட்டு, கடைசியில் கிணற்றை மூடியவர்கள் உண்டு. இப்போது மானியத்தில் சோலார் பம்பு வருகிறது. வெயில் இருக்கும்வரை ஓடும், யூனிட் கணக்கு இல்லை. நிலத்தடி நீரை மேலே எடுக்கும் வசதி இவ்வளவு எளிதாகும்போது, அதை உள்ளே அனுப்பும் வேலை அதே வேகத்தில் நடக்க வேண்டும். சோலார் பம்பு மானியம் கேட்டு வரும் ஊரில் கண்மாயின் வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மானியம் கொடுப்பதில் தவறில்லை.

மின்சாரத்தைத் தேக்கி வைப்பது தனிக் கதை. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் பூங்காவே வந்துவிட்டது. பகலில் மிஞ்சுவது மாலை ஆறு மணிக்கு மேல் பற்றாமல் போகிறது. பகலில் நீரை ஏற்றி இரவில் இறக்கும் நிலையங்கள் இதற்கு நல்ல வழி. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. பம்பை - வைப்பாறு அறிக்கை எழுதிய காலத்தில் மின்சாரம் மிஞ்சும் நேரம் நள்ளிரவு. இன்று மிஞ்சுவது நண்பகலில். அறிக்கையின் மின்சாரக் கணக்கையே புதிதாகப் போட வேண்டிய காலம் இது.

அதைவிட முக்கியமானது, மின்சாரமும் பாசனமும் ஒரே தண்ணீரை வெவ்வேறு நேரத்தில் கேட்கும். மின்வாரியத்துக்கு மாலையில் நான்கு மணி நேரம் வேண்டும். நெல்லுக்குத் தை மாதம் பத்து நாள் வேண்டும். கேரளத்துக்கு மாசியில் உப்பைத் தள்ள வேண்டும். இதை ஒப்பந்தத்தில் தேதி போட்டு எழுதினால்தான் தீரும். முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்துக்கு இரு மாநிலங்களும் 1970-இல் கையெழுத்திட்டன. கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1-ஆம் தேதியும் பிப்ரவரி 1-ஆம் தேதியும் நிறைந்திருக்க வேண்டும் என்று அதில் நாள் குறித்து எழுதியிருக்கிறது. சண்டைகள் இன்றும் உண்டு. ஆனாலும் ஆழியாறு, திருமூர்த்தி பாசனமும் சர்க்கார்பதி மின்சாரமும் அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடுகின்றன. விருதுநகர்க்காரர் ஒருவர் முதலமைச்சராக இருந்து தொடங்கிவைத்த அந்த முறையை விருதுநகருக்குக் கேட்கும்போது, குட்டநாட்டுக்கு எந்த மாதத்தில் எவ்வளவு விடுவோம் என்ற வாக்கை முதலில் வைத்துவிட்டு நம் பங்கைக் கேட்பது நல்லது. மின்சாரத்துக்கு மட்டும் என்றால் மலையின் நீரைத் திருப்பவே தேவையில்லை. ஒரே தண்ணீரை மேலும் கீழுமாகச் சுற்றவிடலாம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதால் மின்சாரமும் சேர்ந்து முடங்கிக் கிடக்கிறது. அவற்றைப் பிரித்துப் பேசினால் பேச்சாவது நகரும்.

ஆவியாதலை மறந்துவிட்டுத் தேக்கத்தைப் பேச முடியாது. இந்த வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஓராண்டில் இழப்பது, பெய்கிற மழையைப் போல் இரு மடங்கு. அகலமாகவும் ஆழமில்லாமலும் கிடக்கும் கண்மாய் தண்ணீரைச் சூரியனுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் வண்டல் எடுப்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். உள்வாயில் ஒரு மீட்டர் ஆழமானால் அதே தண்ணீர் குறைந்த பரப்பில் நிற்கும், கோடையைத் தாண்டும், ஊற்றாகக் கிணற்றுக்கும் போகும். எடுத்த கரம்பை புஞ்சைக்கு உரம். 2024-இல் வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று அரசு எளிதாக்கியது நல்ல முடிவு. ஆனால் கரையோரம் வண்டி போகும் இடத்தில் மட்டும் தோண்டிப் பள்ளமாக்கினால் கரை சரியும், மடைக்குத் தண்ணீர் வராமல் குழியில் நிற்கும். எங்கே எவ்வளவு என்று அடையாளக் கல் நட்டுக் காட்ட மறுபடியும் ஓர் ஆள் வேண்டும்.

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை தன் நீர்த்தேக்கத்தின் மீது 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மிதக்கும் சோலார் தகடுகளை 2022-இல் அமைத்தது. மின்சாரமும் கிடைக்கிறது, ஆவியாவதும் குறைகிறது. குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேல் 2012-லேயே தகடு வைத்துப் பார்த்தார்கள். நம் கண்மாய்கள் பாதி ஆண்டு வற்றிக் கிடப்பவை. அங்கே மிதக்கும் தகடு பொருந்தாது. மீன்காரர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குல்லூர்சந்தையில், கழிவுநீர் சுத்தமான பிறகு, ஒரு மூலையில் முயன்று பார்க்கலாம். அதில் வரும் வருமானம் மின்வாரியத்தின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், அந்த அணையின் ஷட்டருக்கும் அதன் கீழுள்ள கால்வாய்களுக்கும் என்று எழுதி வைக்கப்பட வேண்டும்.

ஒரு வரத்துத் தொடருக்கு ஒரு பொறுப்பாளர் என்று வைத்துத் தொடங்கலாம். ஐந்து முதல் எட்டுக் கண்மாய்களுக்கு ஒருவர். ஊர்க்காரராக இருக்கட்டும், சாதி பார்க்காமல், பெண்களையும் சேர்த்து, நீர்வளத் துறை பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில். மடைச் சாவி அவரிடம், மட்டக்கோல் குறிப்பு அவரிடம், கருவேல் கன்று பிடுங்கும் கூலியாட்களை அமர்த்தும் சிறு நிதியும் அவரிடம். ஒன்றியக் கண்மாய், துறைக் கண்மாய் என்ற எல்லை அவருக்கு இருக்கக் கூடாது. மதுரையின் தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து வயலகங்கள் என்ற கண்மாய் விவசாயிகள் சங்கங்கள் வழியாகச் செய்துவரும் வேலையில் இதற்கான அனுபவம் நிறையவே சேர்ந்திருக்கிறது. ஆயிரம் கண்மாய்க்கு நூற்றைம்பது இருநூறு பேர் போதும். ஒரு பெரிய தூர்வாரும் டெண்டரின் தொகையை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுக்கு அவர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று மாவட்ட நிர்வாகம் ஒருமுறை கணக்குப் போட்டு அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தில் வைக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கௌசிகாவின் தொடரில் மட்டுமாவது பத்துப் பேரை அமர்த்திப் பார்க்க எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை.